பூசணி முற்றுவதற்குள் மழை தொடங்கிவிட்டது. தறப்பாள் போட்டு மூடலாமா?

கிணற்றடித் தோட்டம், ஒட்டுசுட்டான்:

வணக்கம். எங்கள் வளவில் கிணற்றடிப் பக்கமாக ஆடியில் பூசணி விதை போட்டேன். கொடி நன்றாக ஓடிக் காயும் பிடித்திருக்கிறது. ஆனால் பெரியவை இரண்டுதான் நிறம் மாறத் தொடங்கியிருக்கின்றன, மற்றவை இன்னும் கரும்பச்சை. வழக்கமாக ஐப்பசியில்தானே மழை பிடிக்கும்? இந்த முறை புரட்டாதி முடியுமுன்பே பின்னேரங்களில் இடியோடு ஊற்றுகிறது. எங்கள் நிலம் பள்ளம், தண்ணீர் வடிய நேரம் எடுக்கும். நேற்றுக் காலை பார்த்தபோது காய்களின் அடி சேற்றில் புதைந்திருந்தது.

ஒன்ராறியோவில் இருக்கும் சித்தி, உறைபனி வரப்போகிறது என்றால் பழைய பெட்சீற்றால் கொடியை மூடிவிடுவாராம். என்னிடம் பெரிய தறப்பாள் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் காய்கள் தப்புமா? இல்லை, எல்லாவற்றையும் இப்போதே பறித்துவிடுவதா? தைப்பொங்கல் வரை வைத்துச் சமைக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சரியான ஆசை.

குளத்தங்கரை, முத்தையன்கட்டு:

தங்கச்சி, தறப்பாள் வேண்டாம். மேலே விழும் மழை பூசணிக்காயை ஒன்றும் செய்யாது. காயைக் கெடுப்பது அடியில் நிற்கும் ஈரம்தான். சேறு படும் இடத்தில் முதலில் மெத்தென்று ஒரு புள்ளி வரும், பிறகு பஞ்சுபோல வெள்ளைப் பங்கசு படரும். மூடினால் அந்த ஈரத்தைத்தான் உள்ளே அடைத்து வைப்பீர்கள். வெயில் ஏறியதும் உள்ளே அவிந்து இலை பழுக்கும். இலை போனால் காய் முற்றாது.

முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. வேர் இரண்டு மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றால் கொடியே வாடிவிடும். அடியில் மண் அணைத்து மேடாக்கி, பள்ளப் பக்கமாக ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். பூசணி வேர் மேலாக ஓடும், அதனால் அடிக்குக் கிட்ட மண்வெட்டி போடாதீர்கள்.

அடுத்தது காயை மண்ணிலிருந்து தூக்குவது. ஒவ்வொன்றின் கீழும் உடைந்த ஓடு, செங்கல், பலகைத் துண்டு, எது இருக்கிறதோ அதை வையுங்கள். வைக்கல் பரப்பச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வெயில் காலத்துக்கு அது நல்லது. மாரியில் வைக்கலே ஊறி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தூக்கும்போது காயைச் சுழற்றாதீர்கள். காம்பு முறுகி வெடித்தால் அதற்குள்ளால் அழுகல் இறங்கும்.

இனிப் பூப்பவற்றை நம்ப வேண்டாம். பூ மலர்ந்து காய் முற்ற ஒன்றரை மாதமாவது வேண்டும், இன்று பூத்தது கார்த்திகை மழைக்குள்தான் அகப்படும். கொடி நுனிகளைக் கிள்ளி வறை செய்யுங்கள். பலம் இருக்கிற காய்களுக்குப் போகட்டும்.

பறிக்கும் பக்குவத்துக்கு நகத்தால் தோலை அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் விடுங்கள். இறங்காமல், காம்பும் காய்ந்து கட்டையாகி, மண்ணில் கிடந்த பக்கம் மஞ்சளாகியிருந்தால் மழை இல்லாத ஒரு காலையில் வெட்டுங்கள். நாலு விரல் நீளக் காம்பு காயோடு இருக்க வேண்டும். காம்பில் பிடித்துத் தூக்கவே கூடாது. காம்பு கழன்ற காய் தைப்பொங்கல் வரை நிற்காது.

சின்னவள், மாங்குளம்:

அண்ணை சொன்னதோடு இதையும் சேருங்கள் அக்கா. பறித்த காயைக் கழுவ வேண்டாம். மண்ணைக் காய்ந்த சீலையால் துடைத்து, சாரல் படாத விறாந்தையில் பத்து நாளளவில் காற்றாட விடுங்கள். தோல் இறுகும், சின்னக் கீறல்களும் ஆறும். பிறகு எங்கள் வீட்டில் குசினிக்குள் விறகடுப்புக்கு மேலே உள்ள பரணில், ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குவோம். சீமெந்து நிலத்தில் வைத்தால் மாரியில் அடி ஈரமாகிவிடும். கிழமைக்கு ஒருமுறை அடியை அழுத்திப் பார்த்து, மெத்தென்றிருப்பதை முதலில் சமையுங்கள்.

மழையோடு காட்டுப் பன்றியும் வளவுக்குள் இறங்கும். முற்றிய காயை ஓர் இரவும் வெளியில் விடாதீர்கள்.

முள்ளியவளையான், ஒன்ராறியோ:

பிள்ளை, சித்தி மூடுவது வேறு காரணத்துக்கு. இங்கே உறைபனி வருவது வானம் வெளித்த, காற்றில்லாத இரவில். பகலில் வாங்கிய சூட்டை மண் இரவில் வெளியே விடும், அதைப் பிடித்து வைக்கத்தான் பெட்சீற். பொழுதுபடுமுன் போட்டு, விடிந்து வெயில் வந்ததும் எடுத்துவிடுவோம். பொலித்தீன் இலையில் முட்டினால் அந்த இடம் கருகும். 0 பாகைக்குக் கீழே போனால் கொடி ஒரே இரவில் கறுத்துவிடும். முற்றிய காய் லேசான உறைபனியைத் தாங்கும், கடுமையானதைத் தாங்காது. பறித்த பிறகும் 10 பாகைக்குக் கீழே நெடுக வைத்தால் பழுதாகும்.

இலங்கையில் இந்தத் தொல்லை நுவரெலியாப் பக்கம்தான், தை மாசி விடியல்களில். வன்னியின் மார்கழிப் பனி பூசணியைக் கருக்காது. அங்கே ஈரத்தோடுதான் சண்டை.

கிணற்றடித் தோட்டம், ஒட்டுசுட்டான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இன்று தம்பியோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டி, காய்களுக்குக் கீழே செங்கல் வைத்தாயிற்று. பெரியவற்றில் ஒன்றின் அடியில் ரூபாக் குற்றி அளவு இடம் மெத்தென்று இருக்கிறது. காம்பு இன்னும் பச்சை. விட்டுப் பார்க்கலாமா அண்ணை?

குளத்தங்கரை, முத்தையன்கட்டு:

விடாதீர்கள், அது ஆறாது. இன்றே வெட்டி, பழுதான இடத்தைச் சுற்றி இரண்டு விரல் கூடுதலாக அரிந்து எறிந்துவிட்டு மற்றதைக் கறி வையுங்கள். தித்திப்புக் குறைவாக இருக்கும், தேங்காய்ப்பால் கொஞ்சம் கூட விடச் சொல்லுங்கள். எறிந்த துண்டைக் கொடியடியில் போடாமல் தள்ளிப் புதையுங்கள்.

மற்றப் பெரியது காம்பு காயும்வரை நிற்கட்டும். ஆனால் வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னால் அதற்காகக் காத்திருக்காமல் பறித்து உள்ளே எடுங்கள். நிறம் மாறத் தொடங்கியது வீட்டுக்குள் இருந்தும் கொஞ்சம் பழுக்கும். கரும்பச்சைக் காய்கள் பழுக்காது, அவற்றைக் கொடியிலேயே விடுங்கள்.