மறு: ‘மக்கும் பை’ என்பதற்கு வேறு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் தமிழ்ச் சொற்பட்டியலுக்கான இந்த விவாத இழை தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. ‘பயோடிகிரேடபிள்’ (நுண்ணுயிர்கள் சிதைத்துவிடக்கூடியது), ‘கம்போஸ்டபிள்’ (சிதைந்து செடிக்கு எருவாகக்கூடியது) இரண்டுக்கும் ‘மக்கும்’ என்றே வைத்துவிடலாம், குப்பை வண்டி முதல் பள்ளிச் சுவர் வரை எழுதிப் பழகிய சொல், அதை ஏன் கலைக்க வேண்டும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஒப்ப முடியவில்லை. காரணத்தை என் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே சொல்கிறேன்.

போன தை மாதம் தெருமுனைக் காய்கறிக் கடையில் ஒரு பச்சைப் பை கொடுத்தார்கள். சாதாரணப் பிளாஸ்டிக் பையைவிட மெத்தென்று இருந்தது. மேலே ‘மக்கும் பை’ என்று பெரிய எழுத்து. நம்பி, நான்காகக் கிழித்து எருத் தொட்டியில் போட்டேன். மேலே காய்கறித் தோல், அதன்மேல் வேப்பஞ்சருகு, ஒரு கரண்டி புளித்த மோர். ஆடியில் தொட்டியைக் கவிழ்த்தபோது வாழைப்பழத் தோல் போன இடம் தெரியவில்லை. முருங்கைக்காய்ச் சக்கைகூட விரலில் பொடிந்தது. பையின் நான்கு துண்டும் அப்படியே இருந்தன. மண்ணை உதறினால் ‘மக்கும்’ என்ற எழுத்தைப் படிக்க முடிந்தது.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அது முறையான சான்று பெற்ற பையாகவே இருந்திருக்கலாம். இந்த வகைப் பைகளுக்கு உரிய பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 17088. அதன்படி பொருளைச் சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துச் சோதிக்கிறார்கள். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. 180 நாளுக்குள் அதிலுள்ள கரிமத்தில் 90 விழுக்காடு கரியமில வாயுவாகிவிட வேண்டும். கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். கடைசியாக, கிடைத்த எருவில் விதை முளைத்துச் செடி ஒழுங்காக வளர வேண்டும். எரு தயாரிக்கும் ஆலையில் வண்டி வண்டியாகக் கொட்டிக் கிளறும் பெரிய குவியலில் அந்தச் சூடு தானாக ஏறும். என் தொட்டிக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சோளம், கரும்பு இவற்றின் சர்க்கரையிலிருந்து எடுக்கும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக் அந்த வெதுவெதுப்புக்கு அசையாது.

ஆக, பை பொய் சொல்லவில்லை. சொல்தான் போதவில்லை. ‘மக்கும்’ என்று படித்த எனக்கு என் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. தரநிலை எழுதியவர்கள் நினைத்தது ஆலைக் குவியலை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஒரு பொருள் அழிவதற்குத் தமிழில் ஒரே வினை இருப்பதுபோல நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் எத்தனை வினை புழங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். தக்காளி அழுகுகிறது. மரம் உளுக்கிறது. புத்தகம் செல்லரிக்கிறது. பழைய வேட்டி நைந்துபோகிறது. வெயிலில் கிடந்த நைலான் கொடிக்கயிறு இற்றுப்போகிறது. சருகு மக்குகிறது. ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொன்றை எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார். காற்றில்லாமல் புழுங்கினால் அழுகல், அது நாறும். காற்றோட்டத்தோடு பதமான ஈரத்தில் இருந்தால் மக்கல், அதில் மழை பெய்த மண்வாசம் வரும். தொட்டி நாறுகிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: மக்க வேண்டியது அழுகுகிறது, சருகு போட்டுக் கிளறிவிடுங்கள்.

‘இற்றுப்போதல்’ என்ற வினையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எங்கள் மாடியில் ஆறேழு வருடம் கட்டியிருந்த கொடிக்கயிற்றை அவிழ்க்கப் போனால், முடிச்சுப் போட்ட இடம் கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் வெள்ளைத் தூளும் முள்போலக் குத்தும் இழைகளும். ‘இத்துப்போச்சு’ என்று அம்மா ஒரே வார்த்தையில் சொன்னார். கயிறு அழியவில்லை, மண்ணாகவும் இல்லை, தூளாகியிருக்கிறது. ‘ஆக்சோ டிகிரேடபிள்’ என்று விற்கிறார்களே, அந்தப் பிளாஸ்டிக்கில் நடப்பது அச்சு அசலாக இதுதான். வெயிலும் காற்றும் பட்டால் சீக்கிரம் உடையும்படி ஒரு சேர்மத்தைக் கலக்கிறார்கள். பை கண்ணுக்கு மறைகிறது, பிளாஸ்டிக் நுண்துகளாக மண்ணில் தங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இதை 2021 ஜூலையிலிருந்து தடை செய்திருக்கிறது. இதற்கும் ‘மக்கும்’ என்று நாம் எழுதினால் அது பெரிய தவறு. ‘இற்றுப்போகும் பிளாஸ்டிக்’ என்றால் எந்த விளக்கமும் தேவையில்லை.

எனவே என் முன்மொழிவு: ஆக்சோ டிகிரேடபிளுக்கு ‘இற்றுப்போகும்’. பயோடிகிரேடபிளுக்கு, பழகிய ‘மக்கும்’. கம்போஸ்டபிளுக்கு ‘எருவாகும்’.

‘மட்கும்’ என்பதா ‘மக்கும்’ என்பதா என்ற விவாதத்தில் நான் நேரம் செலவிடப்போவதில்லை. வெட்கம் வெக்கம் ஆனதுபோல மட்கு மக்கு ஆனது, இரண்டும் இருக்கட்டும். ஈழத்து அன்பர் ஒருவர் அங்கே ‘உக்கும், உக்காத’ என்று எழுதுவதைச் சொல்லியிருந்தார். அதையும் இணைச்சொல்லாகப் போட வேண்டும். உக்கிப்போச்சு என்று எங்கள் பக்கத்திலும் சொல்வதுண்டு.

மக்குவதற்கும் எருவாவதற்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்டிருந்தீர்கள். தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது மக்கும், ஐயமில்லை. ஆனால் தொட்டியில் போட்டால் அடுத்த எருவிலும் அதற்கடுத்த எருவிலும் கறுத்த ஓடாக வந்துகொண்டே இருக்கும். மக்குவதற்குக் கால வரம்பு இல்லை, என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியும் இல்லை. எருவாவது என்றால் குறித்த காலத்துக்குள் மக்கி, மிஞ்சியது செடிக்கு உதவ வேண்டும். தரநிலையில் கடைசியாக விதை முளைக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்தச் சோதனை முழுவதும் ‘எரு’ என்ற இரண்டெழுத்துக்குள் இருக்கிறது. சாப்பிட்ட வாழை இலை எருவாகும். மந்தாரை இலை எருவாகும். பாக்குமட்டைத் தட்டு, கிழித்து ஊறவைத்துப் போட்டால், கொஞ்சம் தாமதமாக எருவாகும். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை? வெளிக்காகிதம் மக்கும், பூச்சு தோலாகக் கையில் வரும். அது எருவாகாது.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

> எரு என்றால் சாணம்தானே? எருவாட்டி, எருமுட்டை என்கிறோம். பைக்கு ஒட்டுமா?

சாணம் எருவில் ஒரு வகை. ஆட்டெரு உண்டு, இலையெரு உண்டு. ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்ற குறளில் வருவதும் நிலத்துக்குப் போடும் எருதான். இலங்கைத் தமிழில் கம்போஸ்டுக்கே ‘கூட்டெரு’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரியும்.

> ‘உரமாகும்’ இன்னும் எளிது. மண்புழு உரம், தொழு உரம் என்று ஏற்கெனவே சொல்கிறோமே.

இதில் நியாயம் இருக்கிறது, நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் இன்று உரம் என்றால் விவசாயிக்கு முதலில் நினைவுக்கு வருவது யூரியா மூட்டை. இன்னொன்று, பல ஊர்களில் ‘உரக்கிடங்கு’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் நிற்பது எரியும் குப்பைமேடு. அந்தச் சொல்லின் மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. ‘எரு’வுக்கு அந்தக் கறை இல்லை. ரசாயன மூட்டையை யாரும் எரு என்பதில்லை.

தவறான பெயர் என்ன செய்யும் என்பதற்கு ‘துணிப்பை’ ஒன்று போதும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் நெய்யாத பையும் உண்டு. பார்க்கத் துணி மாதிரி, தொட்டாலும் துணி மாதிரி, முழுவதும் பாலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்டிக். கடையில் அதைத் துணிப்பை என்றே கேட்டு வாங்குகிறோம். அந்தப் பெயர் இருக்கும்வரை தடை செய்த பொருளைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதே வாங்குபவருக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தின் பெரிய பலம் பெயர்தான் என்பது என் எண்ணம். மஞ்சப்பை என்றால் நெய்த பருத்தி, கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுத் தருவது. அந்தப் பெயரில் பாலிபுரொப்பிலினை விற்கப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

‘எருவாகும்’ என்பதில் எனக்குப் பிடித்தது, அது கேள்வியாகவும் மாறும். கடையில் நின்று ‘அண்ணே, இது எருவாகுமா?’ என்று கேட்கலாம். எருவாகாது, எருவாகாத, எருவாக்கம், எருத்தொட்டி எல்லாம் தடையில்லாமல் வருகின்றன.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. வீட்டிலேயே எருவாவதையும் பெரிய குவியலில் மட்டும் எருவாவதையும் பையின் மேல் எப்படிப் பிரித்து எழுதுவது? ‘வீட்டில் எருவாகும்’ சரியாக இருக்கிறது. மற்றதற்கு ‘ஆலையில் எருவாகும்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆலை என்றதும் பஞ்சாலை, சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வருகின்றன. ‘பெருங்குவியலில் எருவாகும்’ நீளம், ஆனால் சூடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘வீட்டுத் தொட்டிக்கு ஆகாது’ என்று கீழே ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.

சொற்பட்டியலுக்கு நான் எழுதியிருக்கும் வரையறை: ‘எருவாகும் – குறித்த சூட்டிலும் காலத்திலும் முழுவதும் மக்கி, நஞ்சு தங்காமல், செடி வளர உதவும் எருவாக மாறக்கூடிய.’ இதில் ‘முழுவதும்’ என்பதை வெட்ட வேண்டுமா? தரநிலையே பத்தில் ஒரு பங்கு மிச்சத்தை அனுமதிக்கிறது. வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு வரை காத்திருந்துவிட்டுப் பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்