எதிரில் இடது கை பிட்சர் என்றால் என் இடது கை பேட்டரை உட்கார வைக்கலாமா?

ஒன்பதாம்_இன்னிங்ஸ்

எம்எல்பி (அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்) பார்க்க ஆரம்பித்து ரெண்டு சீசன்தான் ஆகிறது, கேள்வி அரிச்சுவடி மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு ஒரு ஃபேண்டஸி லீக் ஆடுகிறேன். என் அணியில் ஓர் இடது கை பேட்டர் இருக்கிறார் (பெயர் சொல்ல மாட்டேன், எங்கள் லீக் ஆட்களும் இங்கே உலாவுகிறார்கள்). வலது கை பிட்சர் (பந்து வீசுபவர்) என்றால் வெளுத்து வாங்குகிறார். இடது கை பிட்சரிடம் மட்டும் 62 அட்-பேட்டில் (பேட்டிங் வாய்ப்பில்) 14 ஹிட், சராசரி 0.226. அதனால் எதிரணி ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) இடது கை என்று தெரிந்தால் யோசிக்காமல் இவரைத் தூக்கி பெஞ்சில் போட்டுவிடுவேன். போன வாரம் அப்படிப் போட்ட அன்றைக்கே மனிதர் ரெண்டு ஹோம் ரன் அடித்தார், ரெண்டும் இடது கை பிட்சரிடம். அந்த வாரம் தோற்றது தனிக்கதை.

இன்னொருவர் வலது கை பேட்டர். இவர் தலைகீழ். வலது கை பிட்சரிடம் நன்றாக ஆடுகிறார், இடது கை வந்தால் சொதப்புகிறார். எதிர்க் கை பிட்சர் என்றால் பேட்டருக்கு வசதி என்றுதானே கமெண்டேட்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்? இவர் மட்டும் ஏன் இப்படி?

அடிப்படையான சந்தேகமும் ஒன்று உண்டு. கிரிக்கெட்டில் இடது கை பேட்டருக்கு ஆஃப் ஸ்பின்னரைக் கொண்டுவருவது புரிகிறது, பந்து தரையில் பட்டு வெளியே திரும்பும். பேஸ்பாலில் பந்து தரையிலேயே படுவதில்லை. எந்தக் கையால் வீசினால் என்ன?

இடக்கையன்

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அனுபவஸ்தன். அமெச்சூர் அளவில் பத்து வருஷம் இடது கையில் பேட் பிடித்தவன்.

நீங்கள் இடது கை பேட்டர் என்றால் ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் பக்கத்தில் நின்று ஆடும் தட்டு) முதல் பேஸ் பக்கம் நிற்பீர்கள், முதல் பேஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இடது கை பிட்சரின் கையும் அதே முதல் பேஸ் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அதாவது பந்து உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பி வலது தோளைக் குறிவைத்து வருவது போலத் தெரியும். நல்ல வேகப்பந்து கையை விட்டு பிளேட்டுக்கு வந்து சேர 0.4 நொடிதான். அதில் பாதி நேரத்துக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்தப் பாதி நேரமும் உடம்பு வேறு ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்: இது என் மேல் படுமா? முன்கால் தானாக முதல் பேஸ் பக்கம் விலகும், தோள் திறந்துகொள்ளும். அப்படி விலகிய பிறகு அது ஸ்லைடர் (கடைசியில் பக்கவாட்டில் வளையும் பந்து) என்று தெரியவரும், பிளேட்டின் அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போகும், நீங்கள் எட்டாத தூரத்தில் பேட்டை வீசிவிட்டு அசடு வழிவீர்கள். என்னிடம் இதை ஒரே ஆட்டத்தில் ஒரே ஆள் மூன்று தடவை செய்திருக்கிறார். மூன்றாவது தடவை ஸ்லைடர்தான் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கால் விலகியது.

வலது கை பிட்சர் என்றால் பந்து எதிர்ப்பக்கத்திலிருந்து, கண்ணுக்கு நேராகக் கிளம்பும். அவர் ஸ்லைடர் உங்களை நோக்கி வளையும். எதுவும் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்காது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதான் பெரிசு.

நிஜ உதாரணம் வேண்டுமென்றால் 1993 ஆல்-ஸ்டார் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ராண்டி ஜான்சன், 6 அடி 10 அங்குல உயரம், இடது கை. எதிரே ஜான் க்ரக், இடது கை பேட்டர். முதல் பந்து அவர் தலைக்கு மேலே பறந்து பின்சுவருக்குப் போனது. அதற்கப்புறம் க்ரக் பிளேட்டுக்குப் பக்கத்திலேயே வரவில்லை, உயிரோடு வீட்டுக்குப் போனால் போதும் என்பது போல அவுட்டாகிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். 1997 ஆல்-ஸ்டாரில் அதே ஜான்சனிடம் லாரி வாக்கர் ஒருபடி மேலே போய், தலைக்கு மேல் ஒரு பந்து போனதும் ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வலது கைப் பக்கம் போய் நின்றார். விளையாட்டுக்குத்தான், ஆனால் விஷயம் அதுதான்.

புள்ளிப்பூச்சி

இடக்கையன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கேட்டவர் ஃபேண்டஸி அணியில் யாரை உட்கார வைப்பது என்று கேட்கிறார். அங்கே வருவோம்.

62 அட்-பேட்டில் 14 ஹிட் என்றால் 0.226. நான்கு பந்து கொஞ்சம் தள்ளி விழுந்து, ஃபீல்டருக்கு எட்டாமல் போயிருந்தால் 18 ஹிட், 0.290. அப்போது இதே ஆளைப் பற்றி "இடது கை பிட்சரையும் விட்டுவைப்பதில்லை" என்று எழுதியிருப்பீர்கள். நான்கு பந்துதான் சார் வித்தியாசம். அதை வைத்து ஒருவருக்கு ஜாதகம் எழுத முடியாது.

லீக் மொத்தத்துக்கும் எடுத்தால் கை வித்தியாசம் சந்தேகமே இல்லாமல் இருக்கிறது, வருஷா வருஷம் வருகிறது. வலது கை பேட்டர்களைவிட இடது கை பேட்டர்களுக்கு இந்த இடைவெளி பெரிசு. சின்ன வயசிலிருந்தே எல்லாரும் பெரும்பாலும் வலது கை பிட்சரைத்தான் சந்திக்கிறார்கள். அதனால் வலது கை பேட்டருக்குத் தன் கைப் பிட்சர் பழகிப்போகிறார், இடது கை பேட்டருக்கு அந்தப் பழக்கமே கிடைப்பதில்லை. பெரும்பாலோர் சொல்லும் காரணம் இது, எனக்கும் ஏற்புடையதுதான்.

தனி ஆளின் கணக்கு வேறு விவகாரம். அனலிஸ்டுகள் வட்டாரத்தில் ரொம்ப நாளாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு: வலது கை பேட்டர் இடது கை பிட்சர்களைச் சுமார் 2200 தடவை சந்தித்த பிறகுதான் அவருடைய சொந்த எண்ணுக்கும் லீக் சராசரிக்கும் சரிபாதி மதிப்புக் கொடுக்கலாம். இடது கை பேட்டருக்குச் சுமார் 1000 தடவை. முழு சீசன் ஆடுகிறவருக்கு 600 சொச்சம் வாய்ப்பு வரும், அதில் இடது கை பிட்சரிடம் கால்வாசி, அதாவது 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2200ஐ எட்ட ஏறக்குறைய 15 சீசன். அதற்குள் ஆள் ரிட்டயர் ஆகிவிடுவார்.

உங்கள் தலைகீழ் வலது கை ஆளையே எடுங்கள். லீக்கில் வலது கை பேட்டருக்கு இடது கை பிட்சரிடம் 20 புள்ளி (ஒரு புள்ளி என்றால் சராசரியில் 0.001) லாபம் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். இவருக்கு இந்த சீசன் 50 புள்ளி நஷ்டம். 150 வாய்ப்புக்கு அவருடைய சொந்த எண்ணின் எடை 150-ஐ 2350-ஆல் (2200 + 150) வகுத்தால் வருவது, 6 சதவீதம் சொச்சம். லீக் சராசரிக்கும் இவருக்கும் உள்ள 70 புள்ளி இடைவெளியில் 6 சதவீதம் என்றால் 4, 5 புள்ளி. ஆக அடுத்த சீசன் இவரிடம் எதிர்பார்க்க வேண்டியது 15 புள்ளி லாபம், நஷ்டமே கிடையாது. இப்போதைக்கு அவர் தலைகீழ் ஆள் அல்ல, சாதாரண வலது கை பேட்டர். நிஜமாகவே தலைகீழாக ஆடுகிறவர்கள் உண்டு. இச்சிரோ இடது கை பேட்டர், எம்எல்பியில் இடது கை பிட்சர்களிடம்தான் அவர் சராசரி அதிகம். ஆனால் அதைச் சொல்ல ஒரு முழு கரியர் தேவைப்பட்டது.

இன்னொன்று, பிட்சர் என்ன வீசுகிறார் என்று பாருங்கள். கையைவிட அதுதான் பல நேரம் முக்கியம். ஸ்லைடர், சிங்க்கர் (கீழே இறங்கும் பந்து), பக்கவாட்டில் கையைத் தாழ்த்தி வீசுகிறவர்கள் என்றால் வித்தியாசம் பெரிசு. சேஞ்சப் (வேகப்பந்து போலவே கையை விட்டு வரும் மெதுவான பந்து) நன்றாக வீசும் இடது கை பிட்சர் வலது கை பேட்டரையும் திணறடிப்பார், பந்து வெளியே நழுவும். மரியானோ ரிவேரா வலது கை பிட்சர், வீசியதில் பெரும்பாலும் கட்டர் (கடைசியில் லேசாக விலகும் வேகப்பந்து). அது இடது கை பேட்டரின் கைப்பிடிக்குள் நுழைந்து பேட்டை உடைக்கும். அவரிடம் வலது கை பேட்டர்களைவிட இடது கை பேட்டர்கள்தான் குறைவாக அடித்தார்கள்.

பழைய_ஸ்கோர்கார்டு

புள்ளிப்பூச்சி, கணக்கெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்தக் கணக்கு எதுவும் இல்லாத காலத்திலேயே மேனேஜர்கள் இதைத்தான் செய்தார்கள், ஜெயித்தும் காட்டினார்கள். 1914 பாஸ்டன் பிரேவ்ஸ் ஜூலையில் கடைசி இடம், அக்டோபரில் உலகத் தொடர் சாம்பியன். ஜார்ஜ் ஸ்டாலிங்ஸ் அவுட்ஃபீல்டில் பிட்சரின் கையைப் பார்த்து ஆளை மாற்றி மாற்றி இறக்கினார். கேசி ஸ்டெங்கல் யாங்கீஸில் அதே வித்தையை வைத்துக்கொண்டு 1949 முதல் 1953 வரை வரிசையாக ஐந்து கோப்பை. எனக்குப் பிடித்தது ஏர்ல் வீவர் செய்தது. ஓரியோல்ஸில் ஜான் லோவென்ஸ்டீன் இடது கை, கேரி ரோனிக்கி வலது கை. ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே ஆளாக ஓட்டினார். 1982ல் லோவென்ஸ்டீன் 24, ரோனிக்கி 21 ஹோம் ரன். ஒரு பெரிய ஸ்டாருக்குக் கொடுக்கும் சம்பளம் இல்லாமல் ஸ்டாருக்கு உண்டான வேலை.

ஃபேண்டஸி ஆடுகிறவர் கவனிக்க வேண்டிய ஒரு விதி மாற்றமும் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரே ஓர் இடது கை பேட்டரை அவுட்டாக்க ஓர் இடது கை ரிலீவர் (நடுவில் மாற்றாக வரும் பிட்சர்) வருவார், நாலு பந்து போடுவார், போய்விடுவார். ஆட்டம் இழுஇழு என்று இழுக்கும். 2020 முதல் உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடிய வேண்டும் (காயம் என்றால் விலக்கு). அந்த ஒரு பேட்டர் ஸ்பெஷலிஸ்ட் இனமே இப்போது கிட்டத்தட்ட இல்லை. அதனால் உங்கள் இடது கை பேட்டருக்கு எட்டாவது இன்னிங்ஸில் தொல்லை முன்பைவிடக் குறைவு, முக்கியமாக அவருக்குப் பின்னால் ரெண்டு வலது கை பேட்டர்கள் நின்றால். பேட்டிங் ஆர்டரைப் பாருங்கள்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ்

எல்லாருக்கும் நன்றி. நான்கு பந்து விஷயம் மண்டையில் உறைத்தது. இதற்கெல்லாம் சுலப வழியாக ஸ்விட்ச் ஹிட்டர்களை (ரெண்டு பக்கமும் நின்று ஆடத் தெரிந்த பேட்டர்கள்) மட்டும் எடுத்தால் என்ன? அவர்களுக்கு எப்போதும் எதிர்க் கைதானே?

இடக்கையன்

எப்போதும் எதிர்க் கைதான், ஆனால் ரெண்டு கையும் ஒரே தரத்தில் இருக்காது. செட்ரிக் முல்லின்ஸ் ஸ்விட்ச் ஹிட்டராக இருந்தார், வலது கை ஸ்விங் சரிவரவில்லை. 2021ல் அதை விட்டுவிட்டு இடது கை பிட்சரிடமும் இடது கையிலேயே ஆடினார். அந்த வருஷம் 30 ஹோம் ரன், 30 திருட்டு பேஸ் (அடிக்காமலே ஓடிப் பிடித்த பேஸ்). மோசமான வலது கையைவிட பழக்கமில்லாத கோணத்தில் நல்ல இடது கை மேல் என்று ஆகிவிட்டது.

வேடிக்கைக்கு ஒன்று: பேட் வெண்டிட் என்று ஒரு பிட்சர், ரெண்டு கையாலும் வீசுவார், அதற்கென்று ரெண்டு கட்டைவிரல் வைத்த கையுறை. 2008ல் மைனர் லீக்கில் ஒரு ஸ்விட்ச் ஹிட்டர் வந்தார். இவர் கையுறையை மாற்ற, அவர் பக்கம் மாற, இவர் மறுபடி மாற்ற, பந்தே போடாமல் ரெண்டு பேரும் மாறிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம்தான் பிட்சர் எந்தக் கை என்று முதலில் சொல்லிவிட வேண்டும் என்று விதி போட்டார்கள்.

புள்ளிப்பூச்சி

அந்த வீடியோவை நான் மாதம் ஒருமுறை பார்ப்பேன்.

கேட்டவருக்கு: உங்கள் இடது கை ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் போடாதீர்கள். அந்த இடத்துக்கு உங்களிடம் கிட்டத்தட்ட அதே தரத்தில் ஒரு வலது கை ஆள் இருந்தால் மாற்றுங்கள், லாபம் சின்னதாக இருந்தாலும் நிஜமானது. மாற்று ஆள் சுமார் என்றால் இவரையே விடுங்கள், இவருக்குக் கை குறைக்கும் புள்ளியைவிட அவருக்குத் தரம் குறைக்கும் புள்ளி அதிகம். எதிரே ஸ்லைடரை நம்பி வாழும் இடது கை ஸ்டார்ட்டர் என்றால் மட்டும் உட்கார வையுங்கள்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ்

மாற்று ஆள் சுமார்தான். இன்றைக்கும் இடது கை ஸ்டார்ட்டர், போய்ப் பார்த்தேன், பாதிக்குப் பாதி சேஞ்சப் வீசுகிறார். சரி, ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். ரெண்டு ஹோம் ரன் வேண்டாம், ஒன்று போதும்.