ஒரே சர்வரை நாலு இடத்தில் எழுதி வைக்க வேண்டுமா? ரிமோட் நிர்வாகக் கருவிகள் கைகோத்தால் என்ன?

வேர்ப்புலம்:
நேத்து ராத்திரி நடந்தது. ஒரு டேட்டாபேஸ் சர்வரைப் புதுசா நிறுவி வேற ஐபிக்கு மாத்தியிருந்தோம். எஸ்எஸ்எச் (தூரத்து மெஷின்ல பாதுகாப்பா லாகின் ஆகுற வழி) கான்ஃபிக்ல மாத்தினேன், அன்சிபிள் (பல சர்வரை ஒண்ணா நிர்வகிக்கிற கருவி) இன்வென்டரியில, அதாவது அதோட சர்வர் பட்டியல்ல மாத்தினேன், ரெமினாவுலயும் (ரிமோட் டெஸ்க்டாப் கருவி) மாத்தினேன். எஸ்எஸ்எச்-ல லாகின் ஆகுற கருவியான புட்டியை மறந்துட்டேன். பழைய ஐபி அதுக்குள்ள வேற மெஷினுக்குப் போயிடுச்சு. புட்டியில செஷனைத் திறந்தா, ஹோஸ்ட் கீ (சர்வரோட அடையாளச் சாவி) மாறியிருக்குன்னு எச்சரிக்கை. புதுசா நிறுவினா மாறத்தானே செய்யும்னு அக்செப்ட் அடிச்சேன். அடுத்து ரீபூட். விழுந்தது ஓடிக்கிட்டிருந்த பில்லிங் சர்வர்.

நாலும் ஓப்பன் சோர்ஸ். சர்வர் பட்டியல், ஹோஸ்ட் கீ, பயனர் கீ, இதுக்கெல்லாம் பொதுவா ஒரு லைப்ரரி எழுதி எல்லாரும் அதையே பயன்படுத்தினா என்ன குறைஞ்சு போகும்?

கறுப்புத்திரை:
ப்ராம்ப்ட்ல மெஷின் பேரு இருந்திருக்குமே, அதைப் பார்க்கலையா? சரி, வெந்த புண்ணுல வேல் பாய்ச்சல.

ஒத்துழைப்பே இல்லைங்கிற மாதிரி பேசுறீங்களே, அதைத்தான் ஒத்துக்க முடியல. அன்சிபிள் தனக்குன்னு எஸ்எஸ்எச் எழுதிக்கல. வழக்கமா அது கூப்பிடுறது உங்க மெஷின்ல இருக்கிற அதே எஸ்எஸ்எச் கமாண்டைத்தான். அதனாலதான் கான்ஃபிக்ல நீங்க எழுதின ஜம்ப் ஹோஸ்ட் (நடுவுல கடந்துபோற சர்வர்) அங்கயும் வேலை செய்யுது. மோஷும் (இணைப்பு அறுந்தாலும் செஷனைக் காப்பாத்துற கருவி) லாகினுக்கு எஸ்எஸ்எச்-ஐயே நம்பிட்டு, அப்புறம்தான் 60000-க்கு மேல யுடிபி போர்ட்டுக்குத் தாவுது.

கர்வ்25519 கதையையும் பாருங்க. அந்தக் கீ பரிமாற்றத்தை (ரெண்டு பக்கமும் ஒரு ரகசியக் கீயை ஒத்துக்கிற முறை) கொண்டுவந்தது லிப்எஸ்எஸ்எச்ங்கிற எஸ்எஸ்எச் லைப்ரரியோட ஆளுங்க. பேருக்குப் பின்னால @ போட்டுத் தங்களோட டொமைனைச் சேர்த்தாங்க. 2014-ல, லினக்ஸ்ல வழக்கமா இருக்கிற எஸ்எஸ்எச்சான ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5 அந்த வாலைக்கூட வெட்டாம அப்படியே எடுத்துக்கிச்சு. ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) வந்தது 2020-ல. எடுத்துக்கிறதுக்குக் கூட்டம் போடல, கமிட்டி போடல.

வேர்ப்புலம்:
நீங்க சொல்றது எல்லாம் ஒயர் மேல நடக்குற ஒத்துழைப்பு. என் தலைவலி டிஸ்க் மேல. ஓப்பன்எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வைக்குது. விண்டோஸ்ல புட்டி அதையே ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸோட அமைப்புக் கிடங்கு) வைக்குது. பிரைவேட் கீக்கும் தனி பிபிகே வடிவம். 2021-ல புட்டி 0.75 அந்த வடிவத்தையே மாத்தினப்போ, பழைய வின்எஸ்சிபி (ஃபைல் அனுப்புற கருவி) புதுக் கீயைப் படிக்காம முழிச்சது ஞாபகம் இருக்கா? வின்எஸ்சிபி உள்ள இருக்கிறதே புட்டியோட கோடுதான்!

பொறுமைக்கடல்:
கடைசியில் சொன்னீர்களே, அதுதான் பொது லைப்ரரி வேண்டாம் என்பதற்குக் காரணம். 2024 ஏப்ரலில் வெளியான, புட்டியின் பி-521 ஓட்டையை நினைத்துப் பாருங்கள். இசிடிஎஸ்ஏ என்ற முறையில் போடும் டிஜிட்டல் கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசிய எண் வேண்டும். பி-521 என்ற கீ வகைக்கு அது 521 பிட். புட்டி அதை எஸ்எச்ஏ-512 என்ற ஹாஷ் கணக்கிலிருந்து எடுத்தது, கிடைத்ததோ 512 பிட். எஞ்சிய 9 பிட் எப்போதும் சுழியம். சுமார் 60 கையெழுத்துகள் சிக்கினால் பிரைவேட் கீயையே கணக்கிட்டுவிடலாம். புட்டியின் கோடைத் தன்னுள் வைத்திருந்த ஃபைல்சில்லா, வின்எஸ்சிபி, டார்ட்டாய்ஸ்கிட் எல்லாம் சேர்ந்து மாட்டின. தனியாக எழுதப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எச் தப்பியது.

வேர்ப்புலம்:
ஒரே இடத்துல திருத்தினா எல்லாருக்கும் சரியாகுமே. 0.81-ல திருத்திட்டாங்கல்ல?

பொறுமைக்கடல்:
கோடு திருந்தியது. ஏற்கனவே போட்ட கையெழுத்து திரும்பி வருமா? அந்தக் கீ எந்தெந்த சர்வரில் ஏற்றப்பட்டிருந்ததோ, அங்கெல்லாம் போய் நீக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க லைப்ரரியில் ஒளித்து வைத்திருந்த பின்கதவு வெளிப்பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கு அந்தச் சுருக்க லைப்ரரி தேவையே இல்லை. சர்வர் தயார் என்று சிஸ்டம்டிக்கு (லினக்ஸில் சேவைகளைத் தொடக்கும் நிரல்) ஒரு வரி சொல்ல, சில லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் தாமாக ஒரு லைப்ரரியை ஒட்டின. அது எக்ஸ்இசட்டை இழுத்து வந்தது. பிறகு 9.8-இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சே அந்த ஒரு வரியைச் சொந்தமாக எழுதிக்கொண்டது.

நடுச்சாமம்:
ரெண்டு பேரும் எதிரெதிர் முனையில நிக்கிறீங்க. டெர்ராபின் தாக்குதலை ஏன் யாரும் சொல்லல? அது ஒரு கருவியோட பிழை இல்ல, எஸ்எஸ்எச் நெறிமுறையிலயே ஓட்டை. ஒரு பக்கம் மட்டும் பேட்ச் பண்ணினா பிரயோஜனம் இல்ல. கிளையன்ட், சர்வர் ரெண்டுக்கும் புது விதி தெரியணும். 2023 டிசம்பர் 18-ல ஓப்பன்எஸ்எஸ்எச் 9.6-ம் புட்டி 0.80-ம் ஒரே நாள்ல வந்தது. வெளியில தெரியறதுக்கு முன்னாடியே பேசி வெச்சிருந்தாங்க. கோடைப் பகிரல, விதியைப் பகிர்ந்தாங்க.

வேர்ப்புலம், உங்க கேஸுக்கு மருந்து ஹோஸ்ட் சான்றிதழ், அதாவது சர்வரோட கீக்கு நீங்க நம்புற ஒரு சிஏ (சான்றளிக்கிற கீ) போடுற கையெழுத்து. சர்வரைப் புதுசா நிறுவினாலும் அதே சிஏ கையெழுத்துப் போட்டிருந்தா எச்சரிக்கை வராது. அப்புறம் எச்சரிக்கை வந்தா அது நிஜம். நேத்து நீங்க அக்செப்ட் அடிச்சதுக்குக் காரணம், சும்மாவே வந்து வந்து அது பழகிப்போனதுதான். சான்றிதழ்ல பேரை மட்டும் போடுங்க, ஐபியைப் போடாதீங்க. புட்டியும் 0.78-ல இருந்து ஓப்பன்எஸ்எஸ்எச் சான்றிதழைப் புரிஞ்சுக்குது.

வேர்ப்புலம்:
0.78 வந்தது 2022. ஓப்பன்எஸ்எஸ்எச்ல அந்த வசதி 2010-லயே இருக்கு. பன்னிரண்டு வருஷம்! இதைத்தான் ஒத்துழைப்புங்கிறீங்களா?

கறுப்புத்திரை:
சம்பளம் இல்லாம எழுதறவங்ககிட்ட தேதி கேக்குறீங்க. தாமதம் ஆச்சு, உண்மை. ஆனா வந்தப்போ புட்டி தனக்குன்னு இன்னொரு சான்றிதழ் வடிவத்தைக் கண்டுபிடிக்கலையே.

வேர்ப்புலம்:
அது நல்ல பாயின்ட். ஆனாலும் பட்டியல் இன்னும் நாலு இடத்துல இருக்கே. சான்றிதழ் அதைத் தொடவே இல்ல.

நடுச்சாமம்:
அன்சிபிள் இன்வென்டரியை மூலமா வெச்சுக்கங்க. ஒரு டெம்ப்ளேட் எழுதினா அதுவே எஸ்எஸ்எச் கான்ஃபிக்கை உருவாக்கும். இன்னொண்ணு புட்டிக்கு ரெஜிஸ்ட்ரி ஃபைலைத் துப்பும். நான் அப்படித்தான் ஓட்டுறேன். ரெமினாவுக்கு இன்னும் கையாலதான், பொய் சொல்ல விரும்பல.

வேர்ப்புலம்:
ஆக, கருவிகள் செய்யாத ஒட்டு வேலையை ஆளாளுக்கு வீட்டுல செஞ்சுக்கணும். சரி, டெம்ப்ளேட் எழுதறேன். அதுவரைக்கும் புட்டியில பில்லிங் சர்வர் செஷனோட பின்னணியைச் சிவப்பாக்கிட்டேன்.

கறுப்புத்திரை:
அந்தச் சிவப்பு செஷனோட ஒட்டினது, மெஷினோட இல்ல. நேத்து மாதிரி ஐபி மாறினா, சிவப்பு ஒரு மெஷின்ல இருக்கும், பில்லிங் இன்னொண்ணுல ஓடும்.

வேர்ப்புலம்:
…சிவப்பை எடுத்துட்டேன். சர்வர்லயே ப்ராம்ப்ட்டைச் சிவப்பாக்கப் போறேன்.