வண்டிச் சத்தத்தை வைத்து மெட்ரோ ரகத்தைக் கண்டுபிடிக்கும் ஆப்: கணினியில் சரி, போனில் சொதப்பல்

தடதட:
மோட்டார் கிளம்பும் சத்தத்தைக் கேட்டே இது பழைய வண்டி, இது புது வண்டி என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் இல்லையா, அந்த வேலையைப் போன் செய்யட்டுமே என்று ஆரம்பித்தேன். சத்தங்களை அடையாளம் காணக் கூகுள் பழக்கி வைத்திருக்கும் யாம்நெட் மாடலை அடித்தளமாக வைத்து, மேலே சின்னதாக ஓர் அடுக்கு சேர்த்து, மூன்று ரக வண்டிகளுக்குப் பழக்கியிருக்கிறேன். பதிவுகளைக் கணினியில் கொடுத்தால் அழகாகப் பிரிக்கிறது. அதையே ஆண்ட்ராய்டு ஆப்பில் போட்டு நடைமேடையில் நின்றால் எந்த வண்டிக்கும் ஒரே பதில்தான், வண்டியே வராதபோதும் அதே பதில். மாடல் எதிர்பார்க்கிற 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைச் சேனல், எல்லாம் பார்த்தாயிற்று. வேறு எங்கே தேடுவது? அப்புறம், இதை வைத்து உருப்படியாக வேறு ஏதாவது செய்யலாம் என்றாலும் சொல்லுங்கள்.

மைக்முனி:
பழக்கிய பதிவுகள் தனி ரெக்கார்டரில் எடுத்தவையா? அப்படியானால் மாடலை விடுங்கள், மைக்கைப் பாருங்கள். போன் மைக் பேச்சுக்காக இருக்கிறது. ஒரே சீராக வரும் உறுமலை அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், உங்களுக்கு வேண்டியதே அந்த உறுமல்தான். போதாக்குறைக்கு, சத்தம் கூடினால் குறைத்தும் குறைந்தால் கூட்டியும் தானாகவே அளவை மாற்றிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு 7 முதல் ‘அன்பிராசஸ்டு’ என்று, மைக்கில் விழுவதை மாற்றாமல் தரும் ஓர் ஒலி மூலம் உண்டு, அதைக் கேளுங்கள். எல்லா போனிலும் கிடைக்காது, கிடைக்காவிட்டால் ‘வாய்ஸ் ரெகக்னிஷன்’ மூலத்தைப் போடுங்கள். ஐபோனுக்கும் கொண்டுபோவதாக இருந்தால் அங்கே ‘மெஷர்மென்ட்’ முறை.

தடதட:
ஆமாம், எல்லாம் ரெக்கார்டரில் எடுத்ததுதான். மாற்றிப் பார்த்தேன், ஸ்பெக்ட்ரோகிராமே (நேரம் போகப் போக எந்தச் சுருதி எவ்வளவு ஒலிக்கிறது என்று காட்டும் படம்) வேறு மாதிரி ஆகிவிட்டது! முன்பு மோட்டார் கோடு கொஞ்ச தூரம் ஏறி மங்கிப்போகும், இப்போது வண்டி கிளம்பியதிலிருந்து சாய்வாக மேலே போய்க்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் அதன் மடங்குகளும் தெரிகின்றன. ஒரு ரகத்தைச் சரியாகப் பிடிக்கிறது. மற்ற இரண்டையும் இன்னும் மாற்றி மாற்றிச் சொல்கிறது.

ஏறுசுரம்:
சொல்லத்தான் செய்யும். யாம்நெட் ஒரு தடவைக்கு 0.96 விநாடிதான் கேட்கிறது. அந்தத் துண்டில் ஒரு சுருதி இருக்கும், அவ்வளவே. வேகம் கூடக் கூடச் சுருதி ஏறும் என்பதால் ஒரு ரகத்தின் பத்தாவது விநாடியும் இன்னொன்றின் ஐந்தாவது விநாடியும் ஒன்றுபோல ஒலிக்கலாம். ரகத்தைக் காட்டிக்கொடுப்பது சுருதி ஏறுகிற விதம், எங்கே வழுக்கிப் போகிறது, எங்கே படி மாதிரி தாவுகிறது என்பதுதான்.

ஜப்பானில் கெய்க்யூ ரயில் நிறுவனத்தின் 2100 வரிசை வண்டிகளில் முன்பு சீமென்ஸின் ஜிடிஓ இன்வெர்ட்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் கருவி) இருந்தது, கிளம்பும்போது சரளி வரிசை பாடுகிற மாதிரியே இருக்கும், அங்கே அதற்கு ‘டோரேமிஃபா இன்வெர்ட்டர்’ என்று செல்லப்பெயர். கனடாவில் மான்ட்ரியல் மெட்ரோவின் பழைய எம்ஆர்-73 வண்டி மூன்று சுரம் போட்டுக் கிளம்பும், புது அசூர் வண்டிகளில் கதவு மூடும் அறிவிப்புக்கே அந்த மூன்று சுரத்தை வைத்துவிட்டார்கள். இதில் எதையும் ஒரு விநாடியை வெட்டி எடுத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் யாம்நெட் தரும் 1024 எண்களை வரிசையாக எட்டுப் பத்து விநாடிக்குச் சேர்த்து, அந்த வரிசையின் மேல் பழக்குங்கள். சோதனைக்குப் பதிவுகளைப் பிரிக்கும்போது துண்டு துண்டாகப் பிரிக்காமல் பயணம் பயணமாகப் பிரியுங்கள். ஒரே பயணத்தின் துண்டுகள் இரண்டு பக்கமும் போனால் மாடல் அன்றைக்கு ஓடிய ஏசி சத்தத்தை மனப்பாடம் செய்துகொண்டு எல்லாம் தெரிந்த மாதிரி நடிக்கும். ‘எதுவும் இல்லை’ என்று நான்காவது வகையும் வேண்டும், அது இல்லாததால்தான் வண்டி இல்லாதபோதும் பதில் வருகிறது.

அடுத்தநிலையம்:
யோசனையும் கேட்டிருந்தீர்களே. ரகம் சொல்வது நம்மைப் போன்றவர்களுக்குப் பொழுதுபோக்கு, சரி. எனக்குக் கண்பார்வை குறைவு. அறிவிப்பு ஓடாத பெட்டியில், அதுவும் ஜிபிஎஸ் எடுக்காத சுரங்கப்பாதையில், எத்தனையாவது நிலையத்தில் இருக்கிறோம் என்பதுதான் என் பிரச்சினை. கதவு மணியை எண்ணி ‘அடுத்தது நீங்கள் இறங்க வேண்டிய இடம்’ என்று போன் அதிர்ந்தால் போதும். மோட்டாரை விட மணி சுலபம்தானே, எப்போதும் ஒரே ஒலிதானே?

மைக்முனி:
சுலபம்தான், இதற்கு மாடலே வேண்டாம். பாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப்கள் செய்வதுபோல ஸ்பெக்ட்ரோகிராமின் உச்சிப் புள்ளிகளை மட்டும் பொருத்திப் பார்த்தால் போதும், அந்த முறை சுருதி மாறும் மோட்டாருக்கு ஆகாது, மாறாத மணிக்குக் கச்சிதம். ஒரு சிக்கல், எதிர்த் தண்டவாளத்தில் நிற்கும் வண்டியின் மணியும் கேட்கும், சில வண்டிகளில் திறக்க ஒரு தடவை மூட ஒரு தடவை அடிக்கும். அதனால் போனின் அசைவை உணரும் முடுக்கமானியைச் சேர்த்துக்கொண்டு, வண்டி நின்ற பிறகு வரும் மணியை மட்டும், ஒரு நிறுத்தத்துக்கு ஒரு தடவை எண்ணுங்கள். போன் பையில் இருக்கும்போதும் கேட்க வேண்டும் என்றால் பின்னணியில் மைக் சும்மா கிடைக்காது, அறிவிப்பைக் காட்டிக்கொண்டு ஓடும் சேவையாக, ஆப் திரையில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். ஒலியைச் சேமிக்காதீர்கள், எங்கும் அனுப்பாதீர்கள், பெட்டியில் பேசுகிற மற்றவர்களும் அதில் விழுவார்கள்.

தடதட:
வரிசையாகப் பழக்க ஆரம்பித்துவிட்டேன், ஆனால் முதலில் மணி எண்ணும் ஆப்பைத்தான் முடிக்கப் போகிறேன். அடுத்தநிலையம், போனைச் சட்டைப் பையில் வைப்பீர்களா, தோள்பையிலா? துணி மூடினால் மணியின் மேல் சுரங்கள்தான் முதலில் அடிபடும், அதற்கேற்ற மாதிரி புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தநிலையம்:
தோள்பை, ஜிப் மூடியிருக்கும்.