கரியமில வாயுவின் உறிஞ்சும் திறன் தெவிட்டிவிட்டதா?

செங்கதிர்:

பசுமைக்குடில் விளைவு என்ற ஒன்றே இல்லை என்பவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். புவி சூரியனிடமிருந்து ஏற்கும் ஆற்றலைப் பரப்பு முழுவதற்கும் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 வாட் வருகிறது. அதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தரையின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு 18 டிகிரி கீழே இருக்க வேண்டும். ஆனால் அது 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. இடையிலுள்ள 33 டிகிரி வளிமண்டலம் தந்தது. இதில் எனக்கு மறுப்பில்லை.

கரியமில வாயு கூடக் கூட வெப்பமும் கூடிக்கொண்டே போகும் என்ற கூற்றைத்தான் மறுக்கிறேன். அந்த வாயு முதன்மையாக உறிஞ்சுவது 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியுள்ள அகச்சிவப்புக் கதிர்களை. அந்தப் பட்டையின் நடுவில், தரையிலிருந்து கிளம்பும் கதிர் நூறு மீட்டர் உயரத்தை எட்டுவதற்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் நுட் ஆங்ஸ்ட்ரோம் 1900இல் ஒரு குழாயில் கரியமில வாயுவை அடைத்து அதன் அளவை மாற்றிப் பார்த்தபோது, ஊடுருவிச் சென்ற கதிரில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. சன்னலில் கனத்த கறுப்புத் திரை ஒன்று தொங்கும்போது, அதன் மேல் இரண்டாவது திரையையும் தொங்கவிட்டால் அறை மேலும் இருண்டுவிடுமா? அறிவியலாளர்கள் ஒருமித்துச் சொல்கிறார்கள் என்ற பதில் எனக்குப் போதாது. இயற்பியல் விளக்கம் வேண்டும்.

அலைநீளம்:

செங்கதிர் அவர்கள் எழுப்பியிருப்பது, இத்துறையையே அரை நூற்றாண்டுக்கு மேல் தடுத்து நிறுத்திய கேள்வி. கரியமில வாயு இரட்டித்தால் வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி வரை உயரும் என்று ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1896இல் கணக்கிட்டதை, ஆங்ஸ்ட்ரோமின் சோதனைக்குப் பிறகு பெரும்பாலோர் ஒதுக்கியே வைத்துவிட்டார்கள்.

திரை உவமை பொருந்தாமல் போகும் இடம் ஒன்று உண்டு: வளிமண்டலத்தின் ஒவ்வோர் அடுக்கும் தான் உறிஞ்சும் அதே அலைநீளத்தில் தானும் கதிர்வீசுகிறது. கீழிருந்து வந்த கதிரை விழுங்கிய அடுக்கு, தன் வெப்பநிலைக்கேற்ற அளவு கதிரை மேலும் கீழும் அனுப்புகிறது. மேலே சென்றதை அடுத்த அடுக்கு விழுங்குகிறது. இப்படியே போய், காற்று போதிய அளவு மெலிந்த ஓர் உயரத்தில்தான் கதிர் விண்வெளிக்குத் தப்புகிறது. ஆகவே புவி எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தப்பும் உயரத்தின் வெப்பநிலை. எல்லா அலைநீளங்களுக்கும் சராசரியாக அது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைவதால், நீங்கள் சொன்ன அந்த 33 டிகிரியும் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

இப்போது வாயுவைக் கூட்டிப் பாருங்கள். தப்பும் உயரம் மேலே நகர்கிறது. அங்கே காற்று குளிர்ந்திருப்பதால் வெளியேறும் கதிர் குறைகிறது. உள்ளே வரும் சூரிய ஆற்றலோ குறையவில்லை. கணக்கு மீண்டும் சமமாகும் வரை தரையும் அதன் மேலுள்ள காற்றும் சூடாகத்தான் வேண்டும். தரையருகே உறிஞ்சுதல் தெவிட்டியிருந்தாலும், அதாவது அங்கே உறிஞ்சுவதற்கு இனிக் கதிர் மிச்சமில்லை என்றாலும், இந்த நகர்வு நிற்பதில்லை.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 1970இல் ஏவப்பட்ட நிம்பஸ் 4 செயற்கைக்கோள் சகாரா பாலைவனத்தின் மீது பறந்தபோது, வளிமண்டலம் தடுக்காத 10 மைக்ரோமீட்டர் பகுதியில் 45 டிகிரிக்கும் மேற்பட்ட சுடுமணலின் வெப்பநிலையைக் கண்டது. 15 மைக்ரோமீட்டர் பகுதியிலோ உறைநிலைக்கு 50 டிகிரிக்கும் கீழான குளிர்ந்த காற்றைக் கண்டது. வெளியேறும் கதிரின் வரைபடத்தில் இந்தப் பகுதி ஒரு பள்ளமாகத் தெரிகிறது. அந்தப் பள்ளத்தின் அகலமே கரியமில வாயுவின் கைவரிசை. வாயு கூடும்போது பள்ளத்தின் ஓரங்கள் விரிகின்றன. இதனால்தான் இந்த விளைவு மடக்கை முறையில் வளர்கிறது: வாயுவின் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 வாட். தொழில்யுகத்துக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு 420ஐத் தாண்டியதில், 2 வாட்டுக்கு மேல் ஏற்கெனவே கூடிவிட்டது.

செங்கதிர்:

தெளிவான விளக்கம், நன்றி. ஆனால் அதிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. பட்டையின் நடுப்பகுதியில் கதிர் தப்புவது கீழ்மண்டலத்துக்கு மேலே உள்ள, ஓசோன் நிறைந்த அடுக்கு மண்டலத்திலிருந்து. அங்கே உயரம் கூடினால் வெப்பநிலையும் கூடுகிறது. தப்பும் உயரம் மேலே நகர்ந்தால் அங்கே கதிர்வீச்சு கூட அல்லவா வேண்டும்? அப்படியானால் விளைவு குளிர்ச்சி. மேலும், செவ்வாய்க் கோளின் காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயு. ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் ஏறத்தாழ 150 கிலோ இருக்கிறது, புவியிலோ 6 கிலோ சொச்சம். அங்கே பசுமைக்குடில் விளைவு வெறும் 5 டிகிரியை ஒட்டித்தான் மதிப்பிடப்படுகிறது. இதை எப்படி விளக்குவீர்கள்?

நெய்தல்:

செங்கதிர் அவர்களின் பக்கம் நின்று நானும் ஒன்று கேட்கிறேன். பசுமைக்குடில் விளைவில் நீராவியும் மேகங்களும் சேர்ந்து ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு என்று படித்திருக்கிறேன். கடல்கள் எந்நேரமும் நீராவியை வெளியிட்டுக்கொண்டிருக்கையில், ஐந்தில் ஒரு பங்கே உடைய கரியமில வாயுவின் மீது முழுப் பழியையும் போடுவது எவ்வகை நியாயம்?

அலைநீளம்:

முதலில் பட்டையின் நடுப்பகுதி. செங்கதிர் சொன்னது சரி. அங்கே கதிர்வீச்சு கூடத்தான் செய்கிறது, அதனால் அடுக்கு மண்டலம் குளிர்கிறது. காலநிலை ஆய்வாளர்கள் மனாபேயும் வெதரால்டும் 1967இல் தங்கள் கணினி மாதிரியில் இதைக் காட்டினார்கள்: கரியமில வாயு இரட்டித்தால் தரை 2 டிகிரிக்குச் சற்று மேல் சூடாகும், அடுக்கு மண்டலம் குளிரும். பின்னர் வந்த அளவீடுகள் இவ்விரண்டையும் உறுதிசெய்தன. புவி சூடாவதற்குச் சூரியன் காரணமாக இருந்திருந்தால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாகியிருக்க வேண்டும். ஓசோன் குறைந்ததாலும் குளிர்ச்சி வந்தது என்பது உண்மையே. ஆனால் ஓசோன் மீளத் தொடங்கிய பிறகும் மேல் அடுக்குகள் தொடர்ந்து குளிர்கின்றன. தரையைச் சூடாக்குவது பட்டையின் இரு ஓரங்கள். அங்கே கதிர் தப்புவது உயரம் கூடக் குளிரும் கீழ்மண்டலத்திலிருந்து.

செவ்வாயில் காற்றழுத்தம் புவியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அழுத்தம் குறைந்தால் மூலக்கூறுகளின் மோதல் குறைகிறது, உறிஞ்சுகோடுகள் (பட்டைக்குள் வாயு உறிஞ்சும் தனித்தனியான குறுகிய அலைநீளங்கள்) மெல்லியவையாகின்றன, கோடுகளுக்கு இடைப்பட்ட இடைவெளிகளில் கதிர் நழுவிவிடுகிறது. நம் காற்றில் 99 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தாமாக அகச்சிவப்பை உறிஞ்சாவிட்டாலும், மோதலால் கரியமில வாயுவின் கோடுகளை அகலப்படுத்தித் துணைநிற்கின்றன. மெல்லிய காற்றில் கோடுகள் தனித்தனியே பிரிந்து நிற்பதைக் கணக்கில் கொண்டுதான் இயற்பியலாளர் கில்பர்ட் பிளாஸ் 1956இல் தெவிட்டு வாதத்தை வீழ்த்தினார். செவ்வாயில் நீராவியும் இல்லை என்று சொல்லலாம். அடைபடாத அலைநீளங்கள் அங்கே ஏராளம்.

நெய்தல் சொன்ன பங்குக் கணக்கும் சரியானதே. ஆனால் நீராவி தன் அளவைத் தானே தீர்மானித்துக்கொள்வதில்லை. கடல் எவ்வளவு வெளியிட்டாலும் அது சராசரியாகப் பத்து நாட்களுக்குள் மழையாக இறங்கிவிடுகிறது. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பநிலை முடிவுசெய்கிறது: ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்துப் புவி அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தபோது, காற்றின் நீராவியும் உடன் குறைந்ததை அளந்து பார்த்தார்கள். கரியமில வாயுவோ நம் வெப்பநிலைகளில் உறைந்து விழுவதில்லை. அதன் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கிறது. அதை முற்றிலும் அகற்றினால் காற்று குளிர்ந்து, நீராவியும் குறைந்து, புவியின் பெரும்பகுதி பனியில் மூழ்கும். நீராவியை அகற்றினாலோ சில வாரங்களில் அது மீண்டுவிடும்.

நெய்தல்:

பினாட்டுபோ பற்றி அறிந்திருக்கவில்லை. நீராவி பின்தொடரும் வாயு என்பதை ஏற்கிறேன். மேகங்களைப் பற்றிய என் ஐயம் அப்படியே இருக்கிறது.

செங்கதிர்:

என் ஐயமும் இப்போது அங்கேதான் வந்து நிற்கிறது. இரட்டிப்புக்கு 4 வாட் என்பதை விவாதத்துக்கு அடிப்படையாகவே வைத்துக்கொள்வோம். மேகம், நீராவி, பனிப்பரப்பு எதுவும் மாறாவிட்டால் அந்த 4 வாட்டால் கூடுவது ஏறத்தாழ 1.2 டிகிரி மட்டுமே. மிச்சமெல்லாம் இவை மாறுவதால் வரும் பின்விளைவுகளின் கணக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் ராமநாதனின் குழு, மேகங்கள் பிடித்துவைக்கும் வெப்பத்தைக் காட்டிலும் அவை திருப்பியனுப்பும் சூரிய ஒளியே அதிகம் என்று 1989இல் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு நிறுவியது. புவி சூடாகி மேகங்கள் பெருகினால் அதுவே ஒரு தடையாகாதா? 1979இல் வானிலை அறிவியலாளர் சார்னி தலைமையிலான குழு, கரியமில வாயுவின் இரட்டிப்புக்கு 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்றது. 2021இல் ஐ.நா. காலநிலைக் குழு 2.5 முதல் 4 வரை என்கிறது. நாற்பதாண்டு உழைப்புக்குப் பிறகும் இவ்வளவு அகலமான எல்லையை வைத்துக்கொண்டு நாடுகளின் எரிசக்திக் கொள்கையை எழுதலாமா?

அலைநீளம்:

ராமநாதன் குழு அளந்தது அன்றைய மேகங்களின் மொத்த விளைவை. வெப்பம் கூடும்போது மேகங்கள் எப்படி மாறும் என்பது தனிக் கேள்வி. வெப்பமண்டலக் கடல்களின் மீதுள்ள தாழ்ந்த மேகங்கள் கடல் சூடாகும்போது குறைவதையே பெரும்பாலான அளவீடுகள் காட்டுகின்றன. அது வெப்பத்தைக் கூட்டும் திசை. எல்லையின் அகலத்தைப் பொறுத்தவரை, மாதிரிகளை விட்டுவிட்டுப் பனியுகத்தைப் பாருங்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன் கரியமில வாயு பத்து லட்சத்தில் 190 பங்கை ஒட்டி இருந்தது. புவி இன்றைய தொழில்யுகத்துக்கு முந்தைய நிலையைவிட 5 முதல் 7 டிகிரி குளிர்ந்திருந்தது. இரட்டிப்புக்கு ஒரு டிகிரிதான் என்றால் அந்தக் குளிரை விளக்கவே முடியாது. எல்லை அகலமாக இருப்பது செயல்படாமலிருக்கக் காரணமும் ஆகாது. அதன் கீழ்முனையே போதிய அளவு கடுமையானது.

செங்கதிர்:

பனியுகத்தில் கண்டங்களை மூடிய பனிப்பாளங்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பியதையும் அந்தக் குளிரின் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் 2 டிகிரிக்குக் கீழே இறங்குவது கடினம் என்பது எனக்குத் தெரிகிறது. 4 டிகிரி என்ற மேல்முனையை நிறுவுவதற்குத் தாழ்ந்த மேகங்களைப் பற்றிய இன்னும் நீண்ட காலத் தரவுகள் தேவை என்பதில் என் நிலை மாறவில்லை. பசிபிக் கடலின் கிழக்குப் பகுதி மேகங்களுக்கான செயற்கைக்கோள் பதிவுகளை அடுத்த இழையில் எடுத்துக்கொள்ள முன்வருகிறேன். நெய்தல் அவர்களும் கலந்துகொள்ள வேண்டும்.