பேசி முடித்ததும் திரை முழுக்க விளம்பரம்: போடுவது போனா, செயலியா?

நூற்கண்டு:

இது என் அம்மாவின் ஆண்ட்ராய்டு போனைப் பற்றியது. வாங்கும்போதே அதற்குள் சில விளையாட்டுகளும் ஒரு செய்திச் செயலியும் ‘சுத்தம் செய்யும்’ செயலி ஒன்றும் குடியிருந்தன. பாதிக்கு மேல் நீக்கவே முடியாது, முடக்கிவைக்கத்தான் முடியும். அதைப் பொறுத்துக்கொண்டோம். இப்போது நடப்பதைப் பொறுக்க முடியவில்லை.

அம்மா யாருடனாவது பேசி முடித்துப் போனைக் காதிலிருந்து எடுத்தால் திரை முழுக்க விளம்பரம். மூடுவதற்கான பெருக்கல் குறி வலது மூலையில், வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில், கடுகளவு இருக்கிறது. அதுவும் சில நொடிகள் கழித்துத்தான் தோன்றும். அம்மாவின் விரல் குறி தவறிப் பக்கத்தில் பட்டால் ஏதோ ஓர் இணையதளம் திறந்து, ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுகிறது. பதறிப்போய் என்னை அழைப்பார். நான் சமாதானம் சொல்லி வைத்ததும் அவருக்கு அடுத்த விளம்பரம் வந்துவிடும்.

போனோடு வந்த கோப்பு மேலாளரிலும் இதே கதை. ஒரு படத்தை அழித்தால் ‘அழிக்கப்பட்டது’ என்ற செய்திக்குக் கீழேயே கடன் தருகிறோம் என்று ஒரு பெட்டி. காசு கொடுத்து வாங்கிய பொருளில் நமக்கு எவ்வளவு உரிமை, அவர்களுக்கு எவ்வளவு உரிமை என்று யாராவது சொன்னால் தேவலை.

இவற்றில் எது தயாரிப்பு நிறுவனமே வைத்தது, எது செயலியின் வேலை என்று எப்படிப் பிரித்தறிவது? ரீசெட் செய்யச் சொல்லாதீர்கள். படங்களையும் தொடர்பு எண்களையும் திரும்ப ஏற்றும் வேலை முழுக்க என் தலையில்தான் விழும்.

இன்னொன்று. சித்தி வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா அவரிடம் மூட்டுவலியைப் பற்றி வெகுநேரம் பேசியிருக்கிறார். மறுநாள் மூட்டுவலித் தைல விளம்பரம். ‘இது ஒட்டுக்கேட்கிறது’ என்று போனைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். அழைத்தால் எடுப்பதில்லை. அவருக்கு நான் என்ன சொல்வது?

திருகாணி:

போன் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இந்தத் தொல்லையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ‘டிஸ்பிளே கெட்டுவிட்டது’ என்று சொல்லித்தான் போனை நீட்டுவார்கள்.

பிரித்தறிய நல்ல வழி பாதுகாப்புப் பயன்முறை. பவர் பொத்தானை அழுத்தினால் வரும் ‘பவர் ஆஃப்’ என்பதன் மேல் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பயன்முறைக்குப் போகலாமா என்று கேட்கும். (சில மாடல்களில் வேறு விதம்.) அதில் போனோடு வந்த செயலிகள் மட்டுமே இயங்கும், பின்னால் நிறுவியவை உறங்கிவிடும். அழைப்புகள் வழக்கம்போல வரும். பேசி முடித்துப் பாருங்கள். விளம்பரம் வராவிட்டால் குற்றவாளி நிறுவப்பட்ட செயலி. வந்தால் போனோடு வந்தது. முகப்புத் திரையில் வைத்திருந்த விட்ஜெட்டுகள் கலைந்துபோகக்கூடும், அவ்வளவுதான் நஷ்டம்.

நிறுவப்பட்ட செயலிதான் என்று தெரிந்தால், வழக்கமான பயன்முறைக்குத் திரும்பி, விளம்பரம் திரையில் இருக்கும்போதே அதைத் தொடாமல் சமீபத்திய செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். அது ஓர் அட்டையாகச் சுருங்கும், மேலே செயலியின் சின்னம் தெரியும். சில கள்ளப் பயல்கள் சின்னமும் பெயரும் இல்லாமல் வருவார்கள். அப்போது அமைப்புகளில் ‘பிற செயலிகளின் மேல் காட்டுதல்’ என்ற சிறப்பு அனுமதியைத் திறந்து, அது யார் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். டார்ச்சுக்கும் வால்பேப்பருக்கும் அந்த அனுமதி எதற்கு?

வைரஸ் மிரட்டல் அறிவிப்பாகவும் வருகிறதா? அப்படியானால் உலாவியின் அமைப்புகளில் எந்தெந்தத் தளங்களுக்கு அறிவிப்பு அனுமதி போயிருக்கிறது என்று பார்த்து நீக்குங்கள். பதற்றத்தில் ‘அனுமதி’யைத் தொட்டுவிடுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

கோப்பு மேலாளர் விவகாரம் வேறு. அது நிறுவனமே வைத்தது. அந்தச் செயலியின் உள்ளமைப்புகளில் ‘பரிந்துரைகள்’ என்று ஒரு விசை இருக்கும், அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு செயலியிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

மறுகரை:

திட்டுவதற்கு முன் கணக்கையும் பாருங்கள். சீனப் போன் நிறுவனமான ஷாவ்மி 2018-இல் வெளிப்படையாகவே அறிவித்தது: வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று. மிச்சத்தை இணையச் சேவைகளிலும் விளம்பரத்திலும் ஈட்டிக்கொள்வதுதான் அந்த வியாபாரம். விலை குறைந்த போனில் விளம்பரம் இருப்பது ஒளிவுமறைவான விஷயம் அல்ல.

நூற்கண்டு:

பெட்டியின் மேல் எழுதியிருந்தால் ஒளிவுமறைவு இல்லை என்று ஒப்புக்கொள்வேன். கேமராவின் மெகாபிக்சலை அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட இடமிருக்கிறதே.

கண்ணாடிச்சுவர்:

ஒட்டுக்கேட்பு பற்றி. 2018-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். எதுவும் ரகசியமாக மைக்கைத் திறந்து ஒலியை அனுப்பியதாகத் தென்படவில்லை. ஆனால் சில செயலிகள் பயனர் தங்களுக்குள் என்ன செய்கிறார் என்பதைத் திரைப்பதிவாக எடுத்து மூன்றாம் நிறுவனத்துக்கு அனுப்பியது அகப்பட்டது. எனக்கு அது மைக்கைவிட மோசமாகப் படுகிறது.

தைலம் எப்படி வந்திருக்கும்? சித்தி தன் போனில் மூட்டுவலி பற்றித் தேடியிருக்கலாம். இருவர் போனும் ஒரே வைஃபையில் இருந்திருந்தால் விளம்பர வலையமைப்புக்கு இருவரும் ஒரே இணைய முகவரியிலிருந்து வருகிறவர்கள். அதோடு அம்மாவின் வயதும் சேர்ந்தால் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இது என் ஊகம்தான், ஆனாலும் ஒட்டுக்கேட்பைவிட மலிவான வழி.

போனில் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில், அமைப்புகளில் ‘விளம்பரங்கள்’ என்று தேடி விளம்பர ஐடியை நீக்குங்கள். விளம்பரம் குறையாது, ஆனால் வெவ்வேறு செயலிகளில் நீங்கள் செய்வதை ஒரே ஆளின் கணக்கில் எழுதிக்கொள்ள உதவும் எண் போய்விடும். (ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பின்தொடர வேண்டுமானால் செயலி முதலில் உங்களிடம் கேட்டாக வேண்டும்.) அடுத்து, அம்மாவிடம் பச்சைப் புள்ளியைக் காட்டுங்கள். மைக்கோ கேமராவோ இயங்கினால் திரையின் வலது மேல் மூலையில் தெரியும். யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்ற பட்டியல் அமைப்புகளில் உள்ள தனியுரிமைப் பலகையில் இருக்கும்.

நூற்கண்டு:

பாதுகாப்புப் பயன்முறையில் விளம்பரம் வரவில்லை! பிறகு அட்டையைச் சுருக்கிப் பார்த்ததில் சின்னத்தோடு சிக்கியது ஓர் உருப்பெருக்கிச் செயலி. மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க அம்மா வைத்திருந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் செயலிக்குத் தொடர்புகளைப் படிக்கவும், அழைப்பு நிலையை அறியவும், பிற செயலிகளின் மேல் ஏறி உட்காரவும் அனுமதி இருந்தது. நீக்கிவிட்டேன். கேமராவிலேயே இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். ‘அதில்தான் நன்றாகத் தெரிந்தது’ என்று இன்னமும் முணுமுணுக்கிறார்.

கோப்பு மேலாளரில் ‘பரிந்துரைகள்’ விசை இருந்தது, நான்காவது அடுக்கில். அணைத்தாயிற்று.

பச்சைப் புள்ளியையும் காட்டினேன். கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ‘அந்தப் புள்ளியை வைக்கிறதும் இவன்தானே?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கண்ணாடிச்சுவர்:

உங்கள் அம்மாவை வணங்குகிறேன். புள்ளியை வைப்பது செயலி அல்ல, இயங்குதளம். சாதாரணச் செயலியால் அதை மறைக்க முடியாது. இயங்குதளத்தையே உடைத்து நுழையும் உளவு மென்பொருள் இருந்தால் கதை வேறு. அதனால்தான் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவேன். உங்களுடையதில் கடைசி அப்டேட் எந்தத் தேதி என்று அமைப்புகளில் பாருங்கள்.

நூற்கண்டு:

பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக எதுவும் வரவில்லை. பேட்டரியும் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. அடுத்த போன் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

திருகாணி:

கேமராவைக் கடைசியில் பாருங்கள். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை வரும் என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் எழுத்தில் பார்த்துவிடுங்கள். விற்பவர் வாய்ச்சொல் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலில் உள்ள விதிப்படி, விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தாங்க வேண்டும். நீங்கள் எங்கே வாங்கினாலும், அந்த மாடல் அங்கேயும் விற்கிறதா என்று பார்ப்பது ஓர் உரைகல்.

இப்போதைய போனுக்கு அவசரம் இல்லை. பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். வங்கிச் செயலியை அதிலிருந்து எடுத்துவிட்டு, பேச்சுக்கும் படங்களுக்கும் வைத்துக்கொள்ளட்டும். பின்மூடி லேசாக உப்பியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சார்ஜில் போடாமல் நேராகக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.