ஏக்கருக்கு 24 மூட்டை அறுத்தவர் யார்?

திருத்துறைப்பூண்டி மகள்:
எங்களுக்கு முள்ளியாற்றுப் பக்கம் மூன்று மா நிலம், பள்ளக்கால், அதாவது தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயல். வடிவாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. சம்பா கதிர் வரும் நேரத்தில் பத்து நாள் தண்ணீர் வடியாமல் நின்றது. ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்ட வயலில் நான்கு மூட்டைதான் அறுத்தோம். பயிர்க் காப்பீட்டுத் தொகை கிடையாதாம். எங்கள் வருவாய் கிராமத்தின் சராசரி 24 மூட்டையாம். “இந்த ஊரில் 24 அறுத்தவன் ஒருவனைக் காட்டு” என்கிறார் அப்பா. மேட்டுக்கால்காரர்கள் எல்லோரும் முப்பதை ஒட்டி அறுத்திருக்கிறார்கள். கணக்கில் தவறா?

கும்பகோணம் பெரியவர்:
அம்மா, நான் பல ஆண்டுகள் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு நாடா பிடித்தவன். நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுப்போம். எந்த வயல் என்பதைக் குலுக்கல் முறையில் வரும் எண்தான் சொல்லும். உங்கள் கிராமத்தில் நான்கு வயல்கள் விழுந்து, ஏக்கர் கணக்கில் 31, 29, 32, 4 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 96, நான்கால் வகுத்தால் 24. யாருமே அறுக்காத 24 அப்படித்தான் பிறக்கிறது. அதே நான்கை வரிசையில் நிறுத்தி, நடுவில் வரும் 29-க்கும் 31-க்கும் மத்தியில் பார்த்தால் 30. அதிலும் உங்கள் வயல் தெரியாது.

இழப்பீடு தனி வயலைப் பார்த்து வருவதில்லை. கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல மகசூல் கண்ட ஐந்தின் சராசரியை எடுப்பார்கள்; புயல் ஆண்டுகள் அதைக் கீழே இழுக்கக் கூடாது என்பதற்காக இரண்டை விட்டுவிடுவார்கள். அது 29 என்றால், 80 சதவீத உத்தரவாதத்தில் 23.2. கிராமத்தின் சராசரி அதற்குக் கீழே போனால்தான் பணம். கிராமம் 24 எடுத்துவிட்டதால் யாருக்கும் பணம் இல்லை. வகுத்ததில் தவறில்லை. ஆனால் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே கூடையில் போட்டது என் மனதுக்கு என்றுமே ஒப்பவில்லை.

மன்னார்குடி தாளடி:
மழையும் இப்படித்தான். ஐப்பசி மழை சராசரி அளவு என்றார்கள். பெய்ததெல்லாம் இரண்டே நாளில். மீதி நாட்களில் நாற்றங்காலுக்கு எஞ்சின் வைத்து இறைத்தேன்.

திருத்துறைப்பூண்டி மகள்:
ஐயா, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. பள்ளக்காலைத் தனியாகப் பிரித்துக் கணக்கெடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கும்பகோணம் பெரியவர்:
கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். பள்ளக்கால் சர்வே எண்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை மூட்டை, தண்ணீர் எத்தனை நாள் நின்றது, எல்லாம் எழுதி எடுத்துப் போங்கள்.

திருத்துறைப்பூண்டி மகள்:
அப்பா நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இதுவரை பதினொரு வயல்கள் எழுதியிருக்கிறார். ஒன்றில்கூட ஆறு மூட்டையைத் தாண்டவில்லை.